ஒப்புக்குச் சப்பாணியின் வாக்குமூலம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவிலிருந்து போன வாரம் போன் வந்தது. "இந்த வருஷம் மைதானத்தைச் சீர்படுத்த நிதி திரட்டுறோம். 'மைதானமும் நானும்'னு ஆளுக்குப் பத்து நிமிஷம் பேசணும். உங்க பேரையும் போட்டுட்டோம்" என்றார்கள். எனக்கு முன்னால் மூன்று பேர் பேசினார்கள். ஒருவர் பல்கலைக்கழக ஹாக்கி அணியில் ஆடியவர். ஒருவர் கல்லூரி கால்பந்து அணியின் தலைவராக இருந்தவர். இன்னொருவர் வாலிபால் வீரர். மூவரும் மைதானத்தைப் பற்றிப் பேசும்போது தாய்வீட்டைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார்கள். எனக்கு அந்த மாதிரி ஞாபகங்கள் கிடையாது. மைதானத்தைப் பற்றி எனக்கு இருக்கும் ஞாபகம் எல்லாம், "எப்படா மணி அடிப்பாங்க" என்பதுதான்.

வேலூரைப் பற்றி நம்ம ஊர்க்காரர்களே சொல்லும் கேலி உங்களுக்குத் தெரியும். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. இதில் கோயில் விஷயம் 1981 மார்ச்சில் தீர்ந்துவிட்டது. ஜலகண்டேசுவரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்த அந்த நாளில் நான் இங்கே பி.காம். இரண்டாம் ஆண்டு. காலியான அந்த இடத்தில் என்னைச் சேர்த்துக்கொள்ளலாம்: ஆட்டம் வராத ஆட்டக்காரன்.

சிரிப்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்த மண்டபத்தில் என்னைப் போல இன்னும் பாதிப் பேராவது இருப்பீர்கள். யாரும் மேடையேறி "எனக்கு விளையாட்டுப் பிடிக்காது" என்று சொல்வதில்லை. சொன்னால் சோம்பேறி என்பார்கள். மைதானத்துக்குப் பணம் போடுகிற நாளில் அந்தப் பாதிப் பேர் சார்பாக ஒருவன் பேசுவது நல்லது என்று நினைக்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது ஆம்பூர். அப்போது வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் ஒரே வட ஆற்காடு மாவட்டம். 2019-ல் மூன்றாகப் பிரித்த பிறகு எங்கள் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. எங்க நைனாவுக்குத் தோல் ஷாப்பில் வேலை. சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலைத் தூக்கிப் போடுவதும், மயிர் எடுப்பதும், ஆவாரம்பட்டைத் தண்ணியில் போட்டுப் பதனிடுவதும்தான் அவருடைய நாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால், எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆகும்.

ஆறாம் வகுப்பு சேர்ந்தேன். வாரத்துக்கு இரண்டு நாள் கடைசி பீரியட் விளையாட்டு. கட்டாயம். மதியம் மூன்றரை மணி வெயில் எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறுபது பையன்கள். ஒரு கால்பந்து.

அந்தப் பந்தை இன்றைய மாணவர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தோலில் தைத்தது. உள்ளே ரப்பர் பிளாடர். காற்றடித்து, அதன் குழாயை மடக்கிக் கட்டி உள்ளே தள்ளி, ஷூவுக்குக் கட்டுவதுபோல் லேஸ் போட்டு இறுக்குவார்கள். மழையில் நனைந்தால் பந்து தண்ணீரைக் குடித்துக் கல்லாகிவிடும். தலையில் லேஸ் பக்கம் பட்டால் நெற்றியில் கோடு விழும். ஒரு நாள் அப்படிக் கோடு விழுந்து வீட்டுக்குப் போனேன். நைனா பார்த்துவிட்டு, "ஏன்டா, நாங்க ஊற வெச்சு, மயிரெடுத்து, பதம் போட்டு அனுப்புற தோலுக்குள்ள காத்தடிச்சு உன்னையே அடிக்கிறானுங்களா?" என்றார். அம்மா சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பந்துகூடப் பரவாயில்லை. என்னால் தாங்க முடியாதது பந்து வெளியே வருவதற்கு முன்னால் நடக்கும் ஒரு காரியம். ஆள் பிரிப்பது.

இரண்டு கேப்டன்கள் எதிரெதிரே நிற்பார்கள். மற்ற எல்லாரும் வரிசையாக நிற்போம். "நீ வா", "நீ வா" என்று ஒவ்வொருத்தராகக் கூப்பிடுவார்கள். நன்றாக ஓடுகிறவன் முதலில் போவான். அடுத்து பலசாலி. அடுத்து கேப்டனுக்கு மாங்காய் கொடுத்தவன். வரிசை தேய்ந்துகொண்டே வரும். கடைசியில் நானும், சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட இன்னொரு பையனும் நிற்போம். அப்போது பேரம் ஆரம்பிக்கும்.

"இவனை நீ எடுத்துக்கோ."

"இன்னாடா, போன தபாவே நான்தான எடுத்தேன். இந்தத் தபா நீ எடுத்துக்கோ."

"சரி, எடுத்துக்கறேன். ஆனா ஃபர்ஸ்ட் கிக் எங்களுக்கு."

காய்கறி வாங்கினால் கொசுறாகக் கறிவேப்பிலை தருவார்கள். கொசுறை வாங்குகிறவர்கள் சந்தோஷமாக வாங்குவார்கள். என்னை வாங்குகிறவன் அதற்கு விலை கேட்டான். ஒப்புக்குச் சப்பாணி என்று நம்ம பக்கம் சொல்வோமே, அது நான்தான். ஆளாகவும் கணக்கு, ஆளில்லை என்றும் கணக்கு. அறுபது பேர் முன்னால் வாரத்துக்கு இரண்டு தடவை, வருஷம் பூராவும், "நீ வேண்டாம்" என்று சத்தமாகச் சொல்லிக் கேட்பது பத்து வயதுப் பையனுக்கு என்ன செய்யும் என்று ஆடத் தெரிந்தவர்களுக்குப் புரியாது. அது அவர்கள் தப்பில்லை. அவர்கள் அந்த வரிசையில் கடைசிவரை நின்றதே கிடையாது.

எட்டாம் வகுப்பில் வகுப்புகளுக்கு இடையே இறுதி ஆட்டம். எங்கள் கோல்கீப்பருக்குப் பொன்னுக்கு வீங்கி. வேறு ஆள் இல்லை, என்னை நிறுத்தினார்கள். ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம். ஒன்றுக்கு ஒன்று. எதிரணியில் ஒரு தடியன் பந்தை உதைத்தபடி நேராக வருகிறான். எனக்கு அந்த லேஸ்தான் கண்ணுக்குத் தெரிந்தது. நான் நகர்ந்து வழிவிட்டேன். பந்து உள்ளே போனது.

அன்று சாயங்காலம் எனக்கு ஒரு பெயர் வைத்தார்கள். "கதவு." தள்ளினால் திறக்கும். பள்ளிக்கூடம் முடிக்கும்வரை எனக்கு அந்தப் பெயர்தான். அந்தப் பெயர் என்னோடு பஸ் ஏறி வேலூருக்கும் வந்தது. ஏனென்றால் அந்த அணியின் கேப்டனும் இதே கல்லூரியில்தான் சேர்ந்தான்.

அதற்குப் பிறகு நான் ஓடியதெல்லாம் மைதானத்திலிருந்து தப்பிக்கத்தான். வயிற்றுவலி, பல்வலி, அம்மா எழுதிக் கொடுத்த சீட்டு எல்லாம் தீர்ந்த பிறகு ஒரு பதவி கண்டுபிடித்தேன். எல்லார் பையையும் செருப்பையும் காவல் காப்பது. வேப்பமரத்து நிழலில் அறுபது ஜோடிச் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து புத்தகம் படிப்பேன். என் படிப்பு அங்கேதான் ஆரம்பமானது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு தப்பான பெருமை என்று தெரிய முப்பது வருஷம் ஆயிற்று.

எனக்குத் துணைக்கு ஒரு பெரிய மனிதர் இருக்கிறார் என்று கல்லூரிக்கு வந்த பிறகு நம் நூலகத்தில் தெரிந்துகொண்டேன். காந்தியடிகள். சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கிறார். ராஜ்கோட்டில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது தலைமையாசிரியர் தோராப்ஜி எதுல்ஜி கிமி மேல்வகுப்புப் பையன்களுக்குத் தேகப்பயிற்சியையும் கிரிக்கெட்டையும் கட்டாயமாக்கினார். காந்திக்கு இரண்டுமே பிடிக்காது. கட்டாயம் வருவதற்கு முன்னால் ஒரு நாள்கூட விளையாடப் போனதில்லை. கூச்சம் ஒரு காரணம். வீட்டில் நோயாக இருந்த அப்பாவுக்குப் பணிவிடை செய்ய ஓட வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

ஒரு சனிக்கிழமை. காலையில் பள்ளி முடிந்து, சாயங்காலம் நாலு மணிக்குப் பயிற்சிக்குத் திரும்ப வர வேண்டும். கையில் கடிகாரம் இல்லை. மேகமூட்டத்தில் நேரம் தெரியவில்லை. போய்ச் சேர்வதற்குள் எல்லாரும் கலைந்துவிட்டார்கள். மறுநாள் நடந்ததைச் சொன்னார். தலைமையாசிரியர் நம்பவில்லை, அபராதம் போட்டார். அபராதத்தைவிட, பொய் சொன்னவன் என்று ஆகிவிட்டதே என்றுதான் அந்தப் பையன் அழுதான். கடைசியில் அப்பாவே கடிதம் எழுதி விலக்கு வாங்கிக் கொடுத்தார்.

இதைப் படித்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இருக்கிறதே! மகாத்மாவுக்கே ஆகவில்லை, நமக்கென்ன என்று நண்பர்களிடமெல்லாம் சொன்னேன். ஆனால் அந்த அத்தியாயத்தை நான் பாதிதான் படித்தேன் போலிருக்கிறது. அதே இடத்தில் அவர் இன்னும் இரண்டு விஷயம் சொல்கிறார். ஒன்று, தன்னுடைய அந்த வெறுப்பு தவறு, படிப்புக்கு எவ்வளவு இடமோ அவ்வளவு இடம் உடற்பயிற்சிக்கும் பள்ளியில் வேண்டும் என்று பின்னாளில் உணர்ந்தது. இரண்டாவது, திறந்த வெளியில் வெகுதூரம் நடப்பது நல்லது என்று புத்தகத்தில் படித்து, அந்தச் சின்ன வயதிலேயே நடக்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டது. அந்தக் கால்கள்தான் 1930-ல், அறுபது வயதில், சபர்மதியிலிருந்து தண்டி வரை 24 நாளில் 385 கிலோமீட்டர் தூரத்தைக் கடந்தன. கிரிக்கெட் பிடிக்காத பையன் ஒருவன் நடந்த நடை அது.

அவர் விளையாட்டை விட்டார், நடையைப் பிடித்துக்கொண்டார். நான் விளையாட்டோடு சேர்த்து நடையையும் விட்டேன். எனக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசங்களில் இது ஒன்று. மற்ற வித்தியாசங்களைப் பட்டியல் போட்டால் நேரம் போதாது.

நமக்கு இந்த அணி விளையாட்டுகளை யார் கட்டாயமாக்கினார்கள் என்று ஒரு காலத்தில் கோபத்தோடு தேடிப் பார்த்தேன். தேடியதில் கோபம் குறைந்துவிட்டது. அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. 1891 டிசம்பர் மாதம். வெளியே பனி. பதினெட்டு பேர் கொண்ட ஒரு வகுப்பு, ஒரே மாதிரியான உடற்பயிற்சியில் வெறுத்துப்போய் ஆசிரியர்களோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளை மாடிக் கைப்பிடியில் அடித்துத் தொங்கவிட்டு, ஒரு பந்தைக் கையில் கொடுத்தார். பாஸ்கெட்பால் பிறந்தது. நான்கு வருஷம் கழித்து, 1895-ல், பக்கத்து ஊரான ஹோலியோக்கில் வில்லியம் மார்கன் என்பவர், நடுவயது வியாபாரிகளுக்கு பாஸ்கெட்பால் மூச்சு வாங்குகிறதே என்று வலையைக் குறுக்கே கட்டி, இடிபடாமல் ஆட ஒரு ஆட்டம் கண்டுபிடித்தார். அதுதான் வாலிபால்.

அதாவது, இந்த இரண்டு விளையாட்டும் பிறந்ததே மைதானம் பிடிக்காதவர்களுக்காக! "உனக்கு வரலையா? சரி, உனக்கு ஏற்ற மாதிரி வேறு ஒன்று செய்வோம்" என்று யோசித்த ஆசிரியர்களின் வேலை.

அந்த ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்றும் நந்தனத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் விசில் ஊதிய டிரில் மாஸ்டர்களில் பலர் அங்கே படித்தவர்கள், அல்லது அங்கே படித்தவர்களிடம் படித்தவர்கள். ஏழைப் பையனும் பணக்காரப் பையனும் ஒரே அணியில் நிற்கட்டும், தோற்கவும் கற்றுக்கொள்ளட்டும் என்ற எண்ணத்தில் கொண்டுவந்தது. நல்ல எண்ணம். நானே பார்த்திருக்கிறேன். எங்கள் பள்ளியில் தோல் ஷாப் முதலாளி வீட்டுப் பையனும் அதே ஷாப்பில் வேலை செய்தவர் பையனும் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்த ஒரே இடம் மைதானம்தான்.

பிறகு எங்கே கெட்டது? சாதாரணக் கணக்கில் கெட்டது. நான் பி.காம்., அதனால் கணக்காகவே சொல்கிறேன். பீரியட் 45 நிமிஷம். வரிசை, வருகைப் பதிவு, ஆள் பிரிப்பு இதற்கெல்லாம் பத்து நிமிஷம். மிச்சம் 35 நிமிஷம், அதாவது 2100 வினாடி. அறுபது பேர், ஒரு பந்து. பந்தைச் சமமாகப் பங்கு போட்டாலே ஆளுக்கு 35 வினாடி. மைதானத்தில் சமபங்கு ஏது? நன்றாக ஆடும் எட்டுப் பேரிடம் பந்து போனால் திரும்பி வராது. மிச்சம் ஐம்பத்திரண்டு பேர் வெயிலில் நிற்பதற்குத்தான் உடற்கல்வி என்று பெயர். ஓட வேண்டியது யாரோ, அவன் உட்கார்ந்திருந்தான். ஏற்கெனவே ஓடத் தெரிந்தவன் மறுபடியும் ஓடினான்.

இனி என் கணக்கைச் சொல்கிறேன். 1979-ல் இந்தக் கல்லூரியில் சேர்ந்தபோது இங்கே விளையாட்டுக் கட்டாயமில்லை என்று தெரிந்ததும் கோட்டைவரை போய் டீ குடித்துக் கொண்டாடினேன். 1982-ல் படிப்பு முடிந்ததும் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. குடும்பம் வேலூருக்கு வந்துவிட்டது. தினமும் போகவர நூறு கிலோமீட்டர். பஸ்தான் ஓடியது, நான் உட்கார்ந்திருந்தேன். அங்கே போனால் நாற்காலி. வீட்டுக்கு வந்தால் டி.வி. ஞாயிற்றுக்கிழமை மட்டன் பிரியாணி. ஆம்பூர்க்காரனுக்கு அதைப் பற்றிச் சொல்லித் தர வேண்டாம். மாடிப்படி ஏறச் சொன்னாலும், பிள்ளைகளோடு பந்து போடச் சொன்னாலும் என்னிடம் ஒரே பதில்தான்: "எனக்கு விளையாட்டு வராதுப்பா."

2006-ல், 44 வயதில், ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு மருத்துவர் சொன்னார்: "சர்க்கரை இருக்கு. தினமும் நடக்கணும்."

எனக்கு வாயில் அனிச்சையாக வந்தது. "எனக்கு விளையாட்டெல்லாம் வராது சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "விளையாடவா சொன்னேன்? நடக்கத்தானே சொன்னேன்?"

அங்கேதான் எனக்குப் புரிந்தது. விளையாட்டு வேறு, உடம்பை அசைப்பது வேறு. இரண்டும் ஒன்று என்று பத்து வயதில் என் மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். என்னை அவமானப்படுத்தியது அந்த வரிசை. நான் பழிவாங்கியது என் உடம்பை.

அதோடு போனதா? அதே வருஷம் என் மகள் ஏழாம் வகுப்பு. "குழந்தைக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கு அளிக்க வேண்டுகிறேன்" என்று பள்ளிக்கு நானே ஒரு சீட்டு எழுதிப் பையில் வைத்தேன். எங்க அம்மா எனக்குச் செய்த உபகாரத்தை நான் என் பிள்ளைக்குச் செய்கிறேன் என்று எண்ணம். சாயங்காலம் அவள் அந்தச் சீட்டைத் திருப்பிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "ஏம்பா, என்னைக் கேக்காம எழுதுனீங்க? நான் கோ-கோ டீம்ல இருக்கேன்பா. அடுத்த வாரம் மேட்ச்." ஒரு வருஷமாக அணியில் இருக்கிறாள், எனக்குத் தெரியாது. வீட்டில் சொன்னால் அப்பாவுக்குப் பிடிக்காது என்று சொல்லவில்லையாம்.

அந்த மேட்சுக்குப் போனேன். முப்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு மைதானத்தின் ஓரத்தில் நின்றேன். அவள் தோற்றாள். தோற்றுவிட்டு, தோற்ற எல்லாரும் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், அப்புறம் ஐஸ் வாங்கித் தின்றார்கள். நான் தோற்ற அன்று தனியாக வீட்டுக்கு நடந்தேன். அணி என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். எனக்கு அது கிடைக்காமல் போனதில் வருத்தம் உண்டு. இதோ முன்வரிசையில் நம் கால்பந்து அணிக்காரர்கள் நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் ஒன்றாகவே வந்து ஒன்றாகவே உட்கார்ந்திருக்கிறார்கள். பார்க்கப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஆக, அணி விளையாட்டே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அது மட்டும் போதாது என்கிறேன்.

நம் பக்கத்திலேயே சத்துவாச்சாரி இருக்கிறது. அங்கிருந்து போன சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018-ல் கோல்ட் கோஸ்ட்டில் 317 கிலோ தூக்கி மறுபடியும் தங்கம். அவருடைய அப்பாவும் பளுதூக்கியவர். பளுதூக்குவதில் ஒரு நியாயம் உண்டு. அங்கே யாரும் வரிசையில் நிறுத்தி ஆள் பிரிப்பதில்லை. இரும்பு உன் பெயரைக் கேட்காது. நேற்று இருபது கிலோ தூக்கினாய், இன்று இருபத்திரண்டு தூக்கினால் ஜெயித்தாய். உனக்குப் போட்டி நேற்றைய நீதான். பந்தைக் கண்டால் பயப்படுகிற பையன் அங்கே போனால் பயப்பட வேண்டியதில்லை. சிறு வயதில் யாராவது என் கையைப் பிடித்து இப்படி ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தால், தங்கம் வாங்கியிருக்க மாட்டேன், சர்க்கரை மாத்திரையையாவது பத்து வருஷம் தள்ளி வாங்கியிருப்பேன்.

இது என் ஒருவன் கதை இல்லை. ஐந்து வயதிலிருந்து பதினேழு வயதுவரை உள்ள பிள்ளைகள் சராசரியாக நாளுக்கு 60 நிமிஷம் நன்றாக உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம். ஆனால் 2016-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உலகம் முழுக்க 11 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 81 சதவீதம் பேர் அந்த அளவுக்கு அசைவதில்லை. நூற்றுக்கு 81 பேர்! இத்தனை பேரும் சோம்பேறிகளா? நான் நம்பமாட்டேன். அவர்களில் எத்தனையோ பேர் செருப்புக்குக் காவல் உட்கார்ந்திருப்பார்கள்.

அதனால், நிதிக் குழுவுக்கு என் விண்ணப்பம் இதுதான். புதிய கேலரியும், கோல் கம்பங்களும், மின்விளக்கும் போடுங்கள். தாராளமாகப் போடுங்கள். என் பங்கும் அதில் உண்டு. கூடவே மூன்று காரியம் செய்யுங்கள்.

முதலாவது, மைதானத்தைச் சுற்றி ஒரு நடைபாதை. இரண்டு பக்கமும் வேம்பும் புங்கனும் வையுங்கள். நம்ம ஊர் வெயிலில் நிழல் இருந்தால்தான் நடக்க வருவார்கள். மாணவர்களும் நடக்கட்டும், பேராசிரியர்களும் நடக்கட்டும்.

இரண்டாவது, ஒரு ஓரத்தில் சின்ன ஷெட். பளு, கர்லாக்கட்டை, நான்கு பாய். வெளியே இரண்டு கம்பம் நட்டு ரிங் டென்னிஸ் வலை. அணியில் சேராதவனுக்கும், சேர்க்கப்படாதவளுக்கும் ஒரு இடம். இதற்குக் கேலரியின் ஒரு படிக்கட்டுச் செலவுகூட ஆகாது.

மூன்றாவது செலவே இல்லாதது. நாம் பல பள்ளிகளில் ஆசிரியராகவும் தாளாளராகவும் இருக்கிறோம். ஆள் பிரிக்கிற வழக்கத்தை நிறுத்துங்கள். "ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிப் பிரித்தால் முடிந்தது. அறுபது பேருக்கு ஒரு பந்து என்பதை மாற்றி, பத்துப் பேருக்கு ஒரு பந்து, ஐந்துக்கு ஐந்து என்று ஆடவிடுங்கள். ஆளுக்கு 35 வினாடி என்பது மூன்றரை நிமிஷம் ஆகிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மாணவ மாணவியருக்கு ஒரு வார்த்தை. ஆடத் தெரிந்தவர்களே, நன்றாக ஆடுங்கள், கோப்பை கொண்டுவாருங்கள், கைதட்ட நாங்கள் வருவோம். ஆள் பிரிக்க நேர்ந்தால், ஒரே ஒரு முறை, கடைசியில் நிற்கிறவனை முதலில் கூப்பிட்டுப் பாருங்கள். ஆடத் தெரியாதவர்களே, உங்களுக்குக் கால்பந்து பிடிக்காவிட்டால் குற்றமில்லை. அதற்காக உங்கள் கால் மேல் கோபம் கொள்ளாதீர்கள். கால் என்ன செய்தது, பாவம்?

கடைசியாக ஒன்று. இப்போது தினமும் காலை ஐந்தரைக்கு கோட்டை அகழியை ஒட்டி நடக்கிறேன். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் எதிரே ஒருவர் காலைச் சாய்த்துச் சாய்த்து வந்தார். பார்த்தால் எங்கள் பழைய கேப்டன். ஆடி ஆடி முழங்கால் போய்விட்டதாம். இப்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் நடக்கிறோம். அவனுக்காக நான் மெதுவாக நடக்கிறேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். ஒரு நாள் தைரியம் பண்ணிக் கேட்டேன். "ஏன்டா, ஒரு தடவையாவது என்னை முதல்ல கூப்பிட்டிருக்கலாம் இல்ல?"

அவன் நின்றுவிட்டான். ரொம்ப நேரம் யோசித்தான். "உன்னைக் கடைசியாவா கூப்பிடுவேன்? எனக்கு ஞாபகமே இல்லையேடா" என்றான்.

பொய் சொல்லவில்லை. நிஜமாகவே ஞாபகம் இல்லை. கூப்பிட்டவனுக்கு மறந்துவிடுகிறது. நின்றவனுக்கு மறப்பதில்லை. அதனால்தான் இந்த மேடையில் நான் இதைச் சொல்ல வேண்டியதாயிற்று.

அவனும் இங்கே வந்திருக்கிறான். எனக்கு முன்னால் பேசிய இரண்டாவது ஆள் அவன்தான். நடைபாதைக்கு முதல் நன்கொடை தன்னுடையது என்று இப்போதுதான் கீழிருந்து சைகை காட்டினான். இந்தத் தபா நான் அவனை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.